மேகத்தைக் கடந்த பார்வை: இந்தியப் புவிநோக்குச் செயற்கைக்கோள்களில் ரேடாரின் வருகை

இந்தியப் புவிநோக்குச் செயற்கைக்கோள்களின் வரலாறு பெரும்பாலும் படத்தின் கூர்மை வளர்ந்த வரலாறாகவே எழுதப்பட்டு வருகிறது. 1979 ஜூன் 7 அன்று சோவியத் ராக்கெட்டில் சென்ற பாஸ்கரா-1இன் தொலைக்காட்சிக் கேமரா தரையில் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டரை ஒரே புள்ளியாகக் கண்டது, 1988இல் ஐ.ஆர்.எஸ்-1ஏ அந்த அளவை 72.5 மீட்டராகவும் 36.25 மீட்டராகவும் குறைத்தது, 1995இல் ஐ.ஆர்.எஸ்-1சி 5.8 மீட்டரை எட்டிக் குடிமைப் பயன்பாட்டுச் செயற்கைக்கோள்களின் முன்னணியில் நின்றது. 2019இல் ஏவப்பட்ட கார்ட்டோசாட்-3 கால் மீட்டர் வரை இறங்கியது. பெருமைக்குரிய வரிசைதான் இது. ஆயினும் உழவரின் பக்கம் நின்று நோக்கினால், மேகத்தைக் கடந்து காணும் திறன் கைவந்ததே இதனினும் பெரிய மாற்றமாகும்.

அறிவியலாளர் பி.ஆர். பிஷாரொட்டி 1970இல் கேரளத்துத் தென்னந்தோப்புகளை ஹெலிகாப்டரிலிருந்து அகச்சிவப்புப் படச்சுருளில் பதிவுசெய்து வேர்வாடல் நோயைக் கண்டறிய முற்பட்ட நாள்முதல், இந்தியத் தொலையுணர்வு பெரிதும் இலை திருப்பியனுப்பும் சூரிய ஒளியையே நம்பியிருந்தது. நெற்பயிர் வளரும் தென்மேற்குப் பருவத்திலோ வானம் வாரக்கணக்கில் மூடிக்கிடக்கும். காவிரிப் படுகையின் சம்பா பயிருக்கும் வடகிழக்குப் பருவமழையால் இதே இடர் உண்டு. வெள்ளம் எவ்வளவு வயலை மூழ்கடித்தது என்று அறிய வேண்டிய நாளில்தான் கேமரா குருடாகிறது.

செயற்கைத் துளை ரேடார் இத்தடையை நீக்கியது. இது தானே நுண்ணலையை அனுப்பி அதன் எதிரொலியைப் பெறுவதால் இரவிலும் மேகத்தினூடும் இயங்கும். செயற்கைக்கோள் நகரும் பாதையில் அடுத்தடுத்துப் பெறும் எதிரொலிகளைக் கணக்கால் இணைத்து, சிறிய அலைவாங்கியை மிக நீண்ட ஒன்றைப் போலச் செயல்பட வைப்பதே இப்பெயரின் பொருள். நீர் நிறைந்த நாற்று வயல் அலையை வேறு திசையில் சிதறவிடுவதால் படத்தில் கருமையாகத் தெரியும். தூர் கட்டிப் பயிர் எழ எழ அதே வயல் வெளுத்துக்கொண்டே வரும். நடவு எப்போது நிகழ்ந்தது என்பதை இவ்வாறு கணிக்க முடிகிறது.

2012 ஏப்ரல் 26 அன்று ஏவப்பட்ட ரிசாட்-1, சி அலைவரிசையில் இயங்கிய முதல் உள்நாட்டு ரேடார்க் கோள். அதன் பணி ஓய்ந்தபின் அதே அலைவரிசையில் இ.ஓ.எஸ்-04 வந்தது 2022இல்தான். இடைக்காலத்தில் ஐரோப்பாவின் சென்டினல்-1 தரவே கைகொடுத்தது. பயிர்க் காப்பீட்டுக்குத் தொடர்ச்சியான பதிவு இன்றியமையாதது என்பதால், இந்த இடைவெளி வருந்தத்தக்கது. 2025 மே 18 அன்று பி.எஸ்.எல்.வி-சி61இன் மூன்றாம் கட்டத்தில் ஏற்பட்ட கோளாற்றால் ரேடார்க் கோளான இ.ஓ.எஸ்-09 இழக்கப்பட்டது அவ்வருத்தத்தை மிகுவித்தது.

அதே ஆண்டு ஜூலை 30 அன்று, ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நாசா-இஸ்ரோ கூட்டுக்கோளான நிசார் விண்ணேறியது. நாசா அளித்த எல் அலைவரிசையின் அலைநீளம் ஏறத்தாழ 24 செ.மீ.; இஸ்ரோ அளித்த எஸ் அலைவரிசை அதனினும் குறுகியது. நீண்ட அலை இலைத்திரளைக் கடந்து கிளைகளையும் மண்ணையும் தொடும். 12 மீட்டர் விட்டமுள்ள வலை அலைவாங்கியுடன் 12 நாளுக்கொரு முறை அதே பாதைக்குத் திரும்பும் இக்கோள், நிலத்தின் சென்டிமீட்டர் அளவிலான அசைவையும் காட்டவல்லது.

பிரான்சுடன் இணைந்து உருவாக்கப்பட்டு வரும் திரிஷ்ணா, நிலப்பரப்பின் வெப்பத்தை அளந்து பயிரின் நீர்த்தேவையை மதிப்பிட இருக்கிறது. வெப்ப அகச்சிவப்புக் கதிரையும் மேகம் மறைக்கும் என்பதால், மழைக்காலத்தில் அதன் அளவீடுகளை ரேடார்ப் படங்களோடு சேர்த்தே படிக்க வேண்டியிருக்கும்.