பெட்டகமும் முன்பணமும்

பெருந்தொகை ஒன்றை விடுவித்துத் தருவதாகச் சொல்லி, அதற்கான செலவென்று சிறுதொகையை முன்னதாகக் கறக்கும் முன்பண மோசடி, மின்னஞ்சலைவிட ஏறத்தாழ இரு நூற்றாண்டு மூத்தது. சிறைக் கைதியாயிருந்து பாரிஸ் துப்பறியும் பிரிவின் தலைவராக உயர்ந்த விதோக், 1830களில் வெளியிட்ட நூலில், பிசேத்ர் சிறைக் கைதிகள் எழுதிய ‘ஜெருசலேம் கடிதங்களை’ விவரிக்கிறார். பிரெஞ்சுப் புரட்சிக்கு அஞ்சி நாட்டைவிட்டு ஓடிய பிரபுவின் பணியாள் தானென்றும், பொன்னும் வைரமும் நிறைந்த பெட்டகத்தைத் துரத்தியவர்களுக்குத் தப்புவிக்க நீரில் வீசியதாகவும், மீட்கத் திரும்பியபோது கைதானதால் சிறிது பணம் வேண்டுமென்றும் கடிதம் முறையிடும். நூற்றில் இருபதுக்குப் பதில் வந்தது என்பது விதோக்கின் கணக்கு. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ‘ஸ்பானியக் கைதி’ என்ற பெயரில் இதே கதை பிரிட்டனுக்கும் அமெரிக்காவுக்கும் அஞ்சலில் சென்றது. ஆதரவற்ற மகளொருத்தியும் அப்போது கதையில் சேர்ந்துகொண்டாள்.

1980களில் எண்ணெய் விலை வீழ்ந்து நைஜீரியப் பொருளாதாரம் நொடிந்த பின், இத்தொழில் அங்கே வேரூன்றி, பொய்யுரைத்துப் பொருள் பறிப்பதைத் தண்டிக்கும் சட்டப் பிரிவின் எண்ணான 419 என்பதையே பெயராகப் பெற்றது. இதில் சிக்குவோர் விவரமற்றவர்கள் என்ற பொதுக்கருத்து ஏற்கத்தக்கதன்று. 1995 முதல் 1998 வரை, பிரேசிலின் பாங்கோ நொரோயெஸ்தே வங்கியின் உயரதிகாரி ஒருவர், நைஜீரிய மத்திய வங்கியின் ஆளுநராக நடித்தவரை நம்பி, அபுஜாவில் கட்டப்படாத விமான நிலையம் ஒன்றுக்கென 24 கோடி டாலருக்கு மேல் வங்கிப் பணத்தை அனுப்பினார். அவருக்குச் சொல்லப்பட்ட தரகு 1 கோடி டாலர். வங்கியை வாங்க வந்தவர்கள், அதன் மூலதனத்தில் பாதி ஏன் கேமன் தீவுகளில் கிடக்கிறது என்று கேட்ட பிறகே குட்டு உடைந்தது.

மின்னஞ்சல் வந்தபின் அஞ்சற்செலவு ஒழிந்தது. பதிலளித்தவரை வழிக்குக் கொண்டுவரும் உழைப்பு மட்டுமே எஞ்சியது. ஆகவே, நம்பவியலாத கதையே ஐயுறுவோரைத் தொடக்கத்திலேயே கழித்துவிடுகிறது என்று மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர் கார்மக் ஹெர்லி 2012இல் வாதிட்டார். ஆனால் எல்லாப் போலி அஞ்சல்களும் இப்படி வெளிப்படையாக இருப்பதில்லை என்பதால், எழுத்துப்பிழையை மட்டும் தேடுவது போதாது; வங்கியின் பெயரில் வரும் போலி அஞ்சல்கள் பல பிழையின்றியே எழுதப்படுகின்றன. அனுப்பியவர் முகவரியில் ‘@’ குறிக்குப் பின்னுள்ள பெயர் ஓரளவு துப்புத் தரும். ஆனால் பணம் தருவதாகச் சொல்பவர் முதலில் பணம் கேட்பது, பிசேத்ர் முதல் இன்றுவரை மாறாத அடையாளமாகும்.

இக்குற்றங்களை ஒடுக்க நைஜீரியா 2003இல் நிறுவிய பொருளாதார, நிதிக் குற்றத் தடுப்பு ஆணையத்தின் பெயரிலேயே இப்போது போலி அஞ்சல்கள் வருகின்றன. முன்பு ஏமாந்தவர்களுக்கு இழப்பீடு வழங்குவதாகக் கூறும் அவை, அதற்கும் ஒரு கட்டணத்தை முன்னதாகக் கேட்கின்றன.