ஸ்பிரே (பாய்மரப் படகு)

ஸ்பிரே, உலகை ஒருவர் தனியாகச் சுற்றிவந்த முதல் பயணத்தின் படகு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஃபேர்ஹேவன் ஊரில் கைவிடப்பட்டுக் கிடந்த சிப்பி அள்ளும் படகை, மாலுமி ஜோஷுவா ஸ்லோகம் தன் கையாலேயே புதுப்பித்தார். பழைய படகைப் பெருங்கடலுக்குத் தயார்செய்ய நினைப்பவர்கள் இன்றும் புரட்டிப் பார்க்கும் முன்னுதாரணம் இது. ஆனால் எல்லாவற்றிலும் பின்பற்றத்தக்கதல்ல.

1892 குளிர்காலத்தில் திமிங்கில வேட்டைக் கப்பலின் முன்னாள் தலைவர் ஈபன் பியர்ஸ், கப்பல் ஒன்று தருவதாகச் சொல்லி ஸ்லோகமை அழைத்தார். போய்ப் பார்த்தால், மேய்ச்சல் நிலத்தில் முட்டுக் கொடுத்து நிறுத்தி, பாய்த்துணி போர்த்திய கிழட்டுப் படகு. ஊரார் அதை உடைக்கத்தான் ஆள் வந்திருப்பதாக நினைத்தார்களாம்.

ஒருவகையில் ஸ்லோகம் உடைத்ததும் உண்மைதான். அருகில் நின்ற ஓக் மரத்தை வெட்டி ஏரா, அதாவது படகின் அடிமரம், செய்தார். வங்குகளுக்கான, அதாவது படகின் விலாச் சட்டங்களுக்கான, கட்டைகளை நீராவிப் பெட்டியில் வேகவைத்து, இளகியதும் ஒரு மரத்தண்டின்மேல் வளைத்துக் கட்டி, வளைவு நிலைக்கும்வரை விட்டுவைத்தார். பக்கப் பலகை ஒன்றரை அங்குலத் தடிப்புள்ள ஜார்ஜியா பைன். இடுக்குகளில் முதலில் பருத்தி நூல், அதன்மேல் சணல் நாரைத் திணித்துக் கலப்பத்து செய்தார். பழுதான மரத்தை ஒவ்வொன்றாக மாற்றியதில், பழைய படகில் மிஞ்சியது பெயரும் வடிவமும்தான் என்றே சொல்லலாம். 13 மாத உழைப்பு அவருடையது, பொருள்செலவு 553.62 டாலர்.

பெருங்கடலை எண்ணி அவர் செய்த பெரிய மாற்றம் உயரம். அலை ஏறாதிருக்கப் பக்கச்சுவரை நடுவில் 12 அங்குலம், முன்புறம் 18, பின்புறம் 14 கூட்டினார். நீளம் 36 அடி 9 அங்குலம், அகலம் 14 அடி 2 அங்குலம். பாரத்துக்கு உள்ளே சிமென்ட் கட்டிகளை அசையாதபடி முட்டுக் கொடுத்து வைத்தார். ஏராவுக்கு அடியில் ஈயமோ இரும்போ இல்லை.

மீன்பிடித்து ஒரு பருவம் வெள்ளோட்டம் பார்த்தபின், 1895 ஏப்ரல் 24 அன்று பாஸ்டனிலிருந்து புறப்பட்டார். கருவிகளில் சிக்கனம் வியக்க வைக்கும். தன் குரோனோமீட்டரை, அதாவது கடற்பயணத்துக்கான துல்லியக் கடிகாரத்தை, சீராக்க 15 டாலர் கேட்டதால் அதை விட்டுவிட்டு, முகப்பு உடைந்த தகரக் கடிகாரத்தை ஒரு டாலருக்கு வாங்கினார். தென்னமெரிக்காவின் தென்முனையிலுள்ள மகல்லன் நீரிணையில் இரவில் படகில் ஏறவந்தவர்களை விரட்டியது மேல்தளத்தில் இறைத்துவைத்த கம்பள ஆணிகள். அவை ஒரு நண்பர் கொடுத்தனுப்பியவை.

புதுப்பிப்பு பட்டறையோடு முடியவில்லை. வழியில் பிரேசிலின் பெர்னாம்புகோவில் பாயின் அடிக்கழியைக் குறைத்தார். புவெனஸ் அயர்ஸில் பாய்மரத்தை 7 அடி வெட்டினார். பின்னர் பின்புறம் சிறு பாய்மரமொன்று சேர்த்தார். கடல் சொன்ன திருத்தங்கள் இவை. நீண்ட ஏராவும் பாய்களின் சமநிலையும் கூடியதால், சுக்கானைக் கட்டிவிட்டால் படகு தானே வழிபிடித்தது. தர்ஸ்டே தீவிலிருந்து கீலிங் கொகோஸ் தீவுகள்வரை 2,700 மைலை 23 நாளில் கடந்தபோது அவர் சுக்கானைத் தொட்டது மிகக் குறைவு. 1898 ஜூன் 27 அன்று 46,000 மைலுக்கு மேல் ஓடி நியூபோர்ட் திரும்பினார். பல ஆண்டுகளுக்குப் பின் அதே படகில் தெற்கே புறப்பட்டவர் படகோடு காணாமல் போனார்.

படகு வடிவமைப்பாளர்களின் தீர்ப்பு இரண்டுபட்டது. சிப்ரியானோ ஆந்த்ராடே 1909இல் அதன் சமநிலையைக் கணக்கிட்டுப் பாராட்டினார். ஜான் ஹன்னாவோ அனுபவமில்லாதவர் பெருங்கடலுக்கு எடுத்துச் செல்லக் கூடாத படகு என்று எச்சரித்தார். காரணம் எளிது: அகன்ற உடல் சாதாரணச் சாய்வை உறுதியாகத் தாங்கும், ஆனால் அடியில் கனமில்லாததால், அளவு மீறிச் சாய்ந்தால் நிமிர்வது கடினம். ஸ்பிரேயின் வரைவில் இன்றும் மரத்திலும் எஃகிலும் படகு கட்டுகிறார்கள். அவர்கள் முதலில் தீர்த்துக்கொள்ள வேண்டியது இந்த அடிக்கனத்தின் கேள்வியை.