எட்டாம் மாசத்துப் பிள்ளையும் ஓர் ஊசியும்

"ஏழாம் மாசத்துப் பிள்ளை தங்கும், எட்டாம் மாசத்துப் பிள்ளை தங்காது." வல்லம் வடகாலில் நம் வயதுக்காரர்கள் கேட்டு வளர்ந்த பேச்சு இது. உண்மையில், வயிற்றில் கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு வாரமும் நுரையீரலுக்கு லாபம்தான்.

நியூசிலாந்து மருத்துவர் லிக்கின்ஸ் 1969-ல் சினை ஆடுகளில் ஸ்டீராய்டு ஆராய்ச்சி செய்தபோது ஒன்றைக் கவனித்தார். குறைமாதத்தில் பிறந்த ஒரு குட்டி, எதிர்பார்த்ததைவிட அதிக நேரம் மூச்சுவிட்டது. அவரும் ஹோவி என்ற குழந்தை மருத்துவரும் 282 தாய்மாரிடம் சோதித்து, 1972-ல் முடிவை வெளியிட்டார்கள். பிரசவத்துக்கு முன் தாய்க்கு ஊசி போட்டால் குழந்தையின் மூச்சுத்திணறல் குறைகிறது. அமெரிக்காவில் இது பரவலான பரிந்துரையாக 1994 ஆனது.

அதற்குள் இன்னொரு கதை நடந்தது. செயற்கை சுவாசக் கருவியில் பிழைத்த குழந்தைகள் சிலருக்கு நுரையீரல் நிரந்தரமாகப் பாதிக்கப்படுவதை 1967-லேயே நார்த்வே என்ற அமெரிக்க மருத்துவர் எழுதியிருந்தார். 1980-களில் இக்குழந்தைகளுக்கே டெக்ஸாமெத்தசோன் கொடுத்தார்கள். கொரோனா காலத்தில் நாம் பெயர் கேட்ட அதே மலிவான மருந்துதான். குழந்தைகள் சீக்கிரம் கருவியை விட்டு வெளியே வந்தன, எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் அவர்கள் நடக்கும் வயது வந்தபோது, மூளை முடக்குவாதம் கூடுதலாக இருந்தது தெரிந்தது. வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்று 2002-ல் அமெரிக்க, கனடா குழந்தை மருத்துவச் சங்கங்கள் சொல்லிவிட்டன. இன்று கருவியை விட முடியாத சில குழந்தைகளுக்கு மட்டும், குறைந்த அளவில், யோசித்துக் கொடுக்கிறார்கள்.

நம் நாட்டில் 2014-ல் மத்திய அரசு, 24 முதல் 34 வாரத்துக்குள் வலி கண்ட தாய்க்கு கிராம சுகாதார செவிலியரே முதல் ஊசி போட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாம் என்றது. 6 மில்லிகிராம், 12 மணிக்கு ஒருமுறை, நான்கு ஊசி. அடுத்த ஆண்டே, இந்தியா உட்பட ஆறு நாடுகளின் கிராமப்புற ஆய்வு சந்தேகம் எழுப்பியது: மாதக்கணக்கு சரியில்லாமல் பலருக்குப் போட்டதில் மொத்தச் சிசு மரணம் குறையவில்லை, கூடியது. 2020-ல் நம் நாடும் சேர்ந்த ஐந்து நாட்டு ஆய்வு, நல்ல ஆஸ்பத்திரிகளில் கணக்குப் பார்த்துப் போட்டால் சாவு குறைகிறது என்று காட்டியது.

ஆக, மருந்து ஒன்றுதான். யாருக்கு, எப்போது, எவ்வளவு, எங்கே என்பதில்தான் உயிர் இருக்கிறது. இன்று சிப்காட்டுக்கு வேலைக்குப் போகும் நம் மகள்களும் மருமகள்களும் உண்டானால், கடைசியாகக் குளித்த தேதியைக் குறித்துவைக்கச் சொல்லுங்கள். சீக்கிரமே ஸ்கேன் எடுக்கட்டும். முன்கூட்டி வலி வந்தால், விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். இந்த ஊசிக்கு நேரம் வேண்டும்.