போகும் வழியும் திரும்பும் வழியும்

சித்தூரிலிருந்து பிரிந்து திருப்பதி தனி மாவட்டமானது 2022 ஏப்ரல் 4 அன்று. மூன்று வாரம் கழித்து, திருப்பதி ருயா அரசு பொது மருத்துவமனையில் இறந்த தன் மகனின் உடலை ஒரு தந்தை இருசக்கர வண்டியில் ஊருக்கு ஏந்திச் சென்றார். தொலைவு சுமார் 90 கிலோமீட்டர். வாசலில் நின்ற தனியார் ஆம்புலன்ஸ் ஓட்டுநர்கள் கேட்ட தொகை பத்தாயிரம் என்றும் இருபதாயிரம் என்றும் செய்திகள் வேறுபட்டன. குறைந்த வாடகைக்கு உறவினர்கள் அனுப்பிய வெளியூர் வண்டியை அவர்கள் உள்ளே விடவில்லை என்பதில் மட்டும் செய்திகள் ஒத்திருந்தன. ஓட்டுநர்கள் சிலர் கைதாயினர்; மருத்துவமனை அதிகாரி ஒருவர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். பேராசை, அலட்சியம் என்று வழக்கு முடிந்தது. அத்தந்தைக்கு அந்த வண்டி உரிமையா, விலைக்கு வாங்க வேண்டிய சேவையா என்ற வினா எழவேயில்லை.

மருத்துவத்தில் உரிமையின் எல்லை தீர்ப்புத் தீர்ப்பாக நகர்ந்து வந்தது. அவசர நிலையில் வருபவருக்குச் சிகிச்சை அளிப்பது அரசு, தனியார் என்ற வேறுபாடின்றி எல்லா மருத்துவருக்கும் கடமை என்று 1989இல் பரமானந்த கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. 1992இல் வங்காளத்தில் இரயிலிலிருந்து விழுந்து அடிபட்ட தொழிலாளர் ஒருவர், அரசு மருத்துவமனைகள் பலவற்றில் படுக்கை இல்லையென்று திருப்பப்பட்டு, தனியாரிடம் சுமார் 17,000 ரூபாய் செலவிட்டார். 1996இல் அவருக்கு 25,000 ரூபாய் இழப்பீடு வழங்கிய நீதிமன்றம், உரிய நேரத்தில் சிகிச்சை தர அரசு தவறுவது 21ஆம் பிரிவை மீறுவதாகும் என்றது. தனியாரிடம் கட்டிய கட்டணம் ஒன்று இவ்வாறு உரிமை மீறலுக்குச் சான்றாயிற்று. 2005 ஆகஸ்ட் 15 அன்று ஐதராபாத்தில் தனியார் முயற்சியாகத் தொடங்கிய 108 ஊர்தி, பின்னர் அரசுச் செலவில் சிற்றூர் வரை வந்தது.

ஆனால் 108 உயிருள்ளவரை ஏற்றிவர மட்டுமே. மருத்துவமனைப் பேச்சில் ‘பேஷண்ட்’ ஒரு நொடியில் ‘பாடி’ ஆகிறார். ‘அவர்’ போய் ‘அது’ வருகிறது. மொழியியல் படித்தவள் என்பதாலோ என்னவோ, அந்தப் பதிலிப்பெயர் மாற்றம் என் காதில் உறுத்துகிறது. நிர்வாகமும் அதே நொடியில் கைவிடுகிறது. சட்டம் இவ்வளவு அவசரப்படவில்லை: கண்ணியத்துக்கான உரிமை இறந்த உடலுக்கும் உண்டு என்று 1995இல் உச்ச நீதிமன்றமும், கண்ணியமான அடக்கம் 21ஆம் பிரிவுக்குள் வரும் என்று 2020இல் சென்னை உயர் நீதிமன்றமும் கூறியுள்ளன. கண்ணியம் உண்டு, அதை ஊர் கொண்டு சேர்க்கும் ஊர்திதான் சட்டத்தில் எங்கும் இல்லை.

முன்பெல்லாம் பணமா கேட்டார்கள் என்று ஏங்குவோருக்கு ஒரு சொல். வீட்டிலேயே நிகழ்ந்த சாவுக்குப் பாடை சுமந்தவர்கள் உறவினர். பறையடித்தவர், குழி வெட்டியவர், சலவை செய்தவர் ஆகியோரின் உழைப்போ சாதியால் கட்டாயமாக்கப்பட்டது. அதுவும் உரிமை அன்று. பிறர்மீது சுமத்திய கடமை. சாவு வீட்டை விட்டு மாவட்டத் தலைநகருக்குப் பெயர்ந்தபோது, திரும்பும் வழியைச் சந்தை எடுத்துக்கொண்டது. ருயாவில் கண்டது அந்தச் சந்தைகூட அன்று. வாசலை மறித்த ஏகபோகம்.

அரசு வண்டிகள் இல்லாமலில்லை. ஆந்திரத்தில் ‘மகாபிரஸ்தானம்’, தமிழ்நாட்டில் ‘அமரர் ஊர்தி’. 2016இல் காளாகண்டியில் ஒருவர் மனைவியின் உடலைத் தோளில் சுமந்து நடந்ததை நாடே கண்ட பிறகும், ஆறு ஆண்டு கழித்துத் திருப்பதியில் அதே காட்சி. இவை திட்டங்கள், வண்டி இருந்தால் கிடைக்கும், இல்லையேல் இல்லை. எங்கள் பக்கத்து முதியோர் தமிழிலும் தெலுங்கிலும் அரசு மருத்துவமனையை இன்றும் ‘தர்மாஸ்பத்திரி’ என்கின்றனர். தர்மம் கிடைக்காதபோது யாரும் வழக்குத் தொடுப்பதில்லை. அத்தந்தையும் தொடுத்ததாகச் செய்தி இல்லை. அவர் வண்டியில் ஏறி அமர்ந்தார்.