சமூகப் பணியாளர் பதிவேடு: தென்னாப்பிரிக்க வரலாறு தரும் பாடம்

பள்ளித் தலைமையாசிரியனாகிய எனக்குப் பதிவேடு அன்றாடம் கையாளும் பொருள். சேர்க்கைப் பதிவேட்டில் ஒரு பிள்ளையின் பெயர் ஏறிவிட்டால் அப்பிள்ளைக்கு உரிமை பிறக்கிறது. பள்ளிக்குப் பொறுப்பு பிறக்கிறது. பெயர் ஏறாத பிள்ளை வாயிற்படியிலேயே நிற்கும். நம் பாட்டன்மார் அவ்வாறு நின்றவர்களே.

தொழில்களுக்கும் பதிவேடுகள் உண்டு. மருத்துவரும் வழக்கறிஞரும் பதிவு பெற்ற பின்னரே தொழில் நடத்த இயலும். சமூகப் பணியாளருக்கும் அத்தகைய பதிவு வேண்டுமெனச் சில நாடுகள் சட்டம் இயற்றியுள்ளன. அவற்றுள் தென்னாப்பிரிக்காவின் வரலாறு நம் சமுதாய இளைஞர்கள் அறிய வேண்டிய ஒன்றாகும்.

அந்நாட்டில் சமூகப் பணிக் கல்வி வளர்ந்தது முதன்மையாக ஏழை வெள்ளையரின் நலன் கருதியே. அவர்களுடைய நிலையை ஆராய்ந்த கார்னெகி ஆய்வுக் குழு 1932இல் ஐந்து தொகுதிகளில் அறிக்கை வெளியிட்டது. அதன் பின்னர்ப் பல்கலைக் கழகங்களில் சமூகப் பணிப் படிப்பு பெருகிற்று. 1937இல் சமூக நலத்துறை தோன்றிற்று. 1930களில் ஸ்டெல்லன்போஷ் பல்கலைக் கழகத்தில் சமூகவியலும் சமூகப் பணியும் கற்பித்த பேராசிரியர் ஹென்ரிக் வெர்வோர்டு ஆவார். பின்னர் 1958 முதல் 1966 வரை பிரதமராக இருந்து, கருப்பின மக்களை ஒதுக்கி வைக்கும் நிறவெறி ஆட்சியை வலுப்படுத்தியவரும் அவரே. பட்டமும் பேராசிரியர் பதவியும் மட்டும் ஒருவரை மக்கள் தொண்டராக்கிவிடா என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

கருப்பின இளைஞருக்கு ஒரு வாயில் 1941இல் திறந்தது. ஜோகன்னஸ்பர்க் நகரில் ஜான் ஹாப்மேயர் சமூகப் பணிப் பள்ளி தொடங்கப் பெற்றது. அங்குப் பயின்ற வின்னி மடிகிசேலா என்னும் பெண்மணி 1950களின் நடுவில் பாரக்வநாத் மருத்துவமனையில் சமூகப் பணியாளராக அமர்ந்தார். நெல்சன் மண்டேலாவைப் பின்னாளில் மணந்தவர் இவரே. ஆனால் 1959இல் வந்த பல்கலைக் கழகச் சட்டம், வெள்ளையரல்லாதார் தம் விருப்பம்போல் பல்கலைக் கழகங்களில் சேர்வதைத் தடுத்து, இனத்திற்கு ஒரு கல்லூரி எனப் பிரித்தது. 1860 முதல் சென்னையிலிருந்து கப்பலேறிக் கரும்புத் தோட்டங்களுக்குச் சென்ற நம்மவரின் வழித்தோன்றல்களுக்கும் இதே கதிதான். அவ்வாறு சென்றோருள் தாழ்த்தப்பட்ட மக்களும் இருந்தனர். இந்தியருக்கென 1961இல் டர்பன் துறைமுகத்துச் சாலிஸ்பரித் தீவில் ஒரு கல்லூரி தொடங்கப் பெற்றது.

இந்நிலையில்தான் 1978ஆம் ஆண்டின் 110ஆம் சட்டம் வந்தது. சமூகப் பணியாளருக்கென ஒரு மன்றம் அமைந்தது. குறித்த கல்வித் தகுதி பெற்று, மன்றத்தில் பெயர் பதிந்தவரே ஊதியம் பெற்று இப்பணியைச் செய்யலாம்; ஒழுக்கம் தவறியவரை மன்றம் விசாரித்துப் பெயரை நீக்கலாம் என விதிகள் எழுந்தன. விதி நல்லதே. ஆயினும் படிக்கும் வாயில் நிறத்தால் பிரிக்கப்பட்டிருந்த நாட்டில், பதிவேட்டின் வாயில் மட்டும் எல்லார்க்கும் சமமாக இருந்திருக்குமா?

1994இல் நிறவெறி ஆட்சி வீழ்ந்தது. சட்டத்தைக் கிழித்தெறியாமல் திருத்தியதே அம்மக்களின் அறிவுடைமை. அது 1998இல் சமூக சேவைத் தொழில்கள் சட்டம் எனப் பெயர் மாறிற்று. இன்று நான்காண்டுப் பட்டம் பெற்ற சமூகப் பணியாளர் மட்டுமன்றி, பயிலும் மாணவர், துணைப் பணியாளர், குழந்தைகள் பராமரிப்புப் பணியாளர் ஆகியோரும் பதிவு பெறுகின்றனர். ஏணிக்குக் கீழ்ப்படிகளும் அமைந்தன.

தொண்டு செய்யச் சான்றிதழ் எதற்கு, மனம் போதாதா என்று கேட்போர் உளர். அண்ணல் அம்பேத்கர் 1924இல் பம்பாயில் பகிஷ்கிருத ஹிதகாரிணி சபையைத் தொடங்கியபோது எந்தப் பதிவேட்டையும் நாடவில்லை என்பது மெய்யே. ஆனால் அடிபட்ட மனைவியும் கைவிடப்பட்ட குழந்தையும் தம் துயரத்தை ஒருவரிடம் கூறும்போது, அவர் அதனை வெளியே பரப்பமாட்டார் என்னும் உறுதி வேண்டும். அவர் தவறு செய்தால் முறையிட ஓரிடம் வேண்டும். அதற்கே பதிவேடு. அதன் பயன் பெரிதும் ஏழைகளுக்கே உரியது.

நம் நாட்டில் 1936இல் பம்பாயில் டாட்டா நிறுவனத்தாரும், 1952இல் சென்னையில் திருமதி மேரி கிளப்வாலா ஜாதவ் அவர்களும் சமூகப் பணிக் கல்விக்கு நிலையங்கள் கண்டனர். எனினும் சமூகப் பணியாளர் அனைவர்க்கும் பொதுவான பதிவுச் சட்டம் இந்தியாவில் இல்லை. மறுவாழ்வுத் துறைக்கு 1992ஆம் ஆண்டுச் சட்டமும், மனநலத் துறைக்கு 2017ஆம் ஆண்டுச் சட்டமும் அவ்வத்துறைச் சமூகப் பணியாளரின் பதிவுக்கு வழி வகுத்துள்ளன. பொதுச் சட்டம் ஒன்று நாளை வரலாம்.

வரும்போது நாம் எங்கே நிற்போம்? என்னிடம் பயின்ற மாணவர் ஒருவர் தம் ஊர்க் காலனியில் பல்லாண்டுகள் இரவுப் பள்ளி நடத்தினார். முதியோர் உதவித் தொகைக்கு மனு எழுதிக் கொடுப்பவரும் அவரே. அவ்வட்டாரத்தில் பணி தொடங்கிய ஒரு நிறுவனத்தில் வேலை கேட்டபோது, பட்டமில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டனர். பட்டத்துடன் வெளியூரிலிருந்து வந்தவருக்கு வீடு வீடாக வழி காட்டியவரும் அம்மாணவரே. இதனை எண்ணும்போதெல்லாம் என் நெஞ்சம் வருந்துகிறது.

எனவே நாம் கேட்க வேண்டியது ஒன்று, செய்ய வேண்டியது ஒன்று. விதி வகுப்போரிடம், களத்தில் உழைத்தவரின் அனுபவத்திற்கும் மதிப்பளித்து, படிப்படியாக ஏறும் வழி வையுங்கள் என்று கேட்போம். நம் கல்விக் கழகம் இவ்வெள்ளிவிழா ஆண்டு தொட்டு, ஆண்டிற்கு ஒருவரையேனும் சமூகப் பணிப் படிப்பிற்கு அனுப்பி வைக்கட்டும். இளைஞர்களே, சேரித் தெருவின் துயரம் உங்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டாதது. அதனுடன் பட்டத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பதிவேடு திறக்கப்படும் நாளில் நம் பெயர்களும் அதில் ஏறட்டும்.