தாமிரத்தின் ஊரும் தாதா வாஸ்கோவும்

மெக்சிகோ நாட்டின் மிச்சோவாகான் மாநிலத்தில், பாட்ஸ்குவாரோ ஏரிக்குத் தெற்கே, சாந்தா கிளாரா தெல் கோப்ரே என்றோர் ஊர். தாமிரத்தின் புனித கிளாரா என்பது அப்பெயரின் பொருள். அவ்வூர்ப் பட்டறை ஒன்றில் நுழைவோமானால், பழைய மின்கம்பிகளையும் உடைந்த செப்புப் பாத்திரங்களையும் கரி உலையில் உருக்கித் தடித்த வட்டாக வார்ப்பதைக் காண்போம். வட்டு சிவக்கக் காய்ந்ததும் ஒருவர் குறட்டால் பற்றித் திருப்ப, மற்றவர்கள் சுற்றி நின்று, ஒருவர் சம்மட்டி இன்னொருவருடையதில் மோதாதபடி முறைவைத்து அடிக்கின்றனர். அடிபட அடிபடச் செம்பு இறுகும். மீண்டும் உலைக்குச் சென்று இளகும். இவ்வாறு ஒட்டோ பற்றவைப்போ இன்றி ஒரே வட்டிலிருந்து குடம் எழுகிறது. தேர்ந்த கைகளில் கைப்பிடியும் அதிலிருந்தே பிறக்கிறது. நீர் மொள்ளும் கலத்திற்கே செம்பு என்று பெயரிட்ட நமக்கு இது அந்நியமான வேலையன்று.

இத்தொழிலைத் தந்தவர் யார் என்றால், ஆயர் வாஸ்கோ தெ கிரோகா என்பர் பலர். அவ்வாறு சொல்லிப் பெருமை கொள்ள நமக்கும் ஆசைதான். ஆயினும் ஸ்பானியர் வருமுன்னரே அங்கு வாழ்ந்த புரேப்பெச்சா மக்கள் செம்பில் கோடரியும் ஊசியும் செய்தனர். மெழுகு அச்சில் சிறு மணிகள் வார்த்தனர். அவர்களுடைய குருக்கள் செப்புச் சாமணத்தைப் பதவியின் அடையாளமாக அணிந்தனர்.

ஆயர் தந்தது வேறு. அம்மக்களின் கடைசி அரசர் தங்காஷுவான், பிரான்சிஸ் என்ற பெயரில் திருமுழுக்குப் பெற்றவர். 1530இல் பொன் கேட்டு அவரை வதைத்துக் கொன்றவர் நூனோ தெ குஸ்மான். அவரும் திருமுழுக்குப் பெற்றவரே. இதை மறைத்து மறைபரப்பு வரலாறு எழுதலாகாது. மக்கள் அஞ்சி மலைகளுக்கு ஓடினர்.

அந்நிலையில் வந்த கிரோகா அப்போது குருவல்லர். சட்டம் கற்ற பொதுநிலையினர், அரச நடுவர். 1533இல் ஏரிக்கரையில் சாந்தா ஃபே என்னும் குடியிருப்பை நிறுவினார். 1535இல் பூர்வகுடிகளை அடிமைகளாக்குவதை எதிர்த்து நீண்டதோர் முறையீடு எழுதினார். 1538இல் ஆயரானார். புனித தாமஸ் மோர் 1516இல் கற்பனைத் தீவைப்பற்றி எழுதியதை இவர் மண்ணில் நட்டார்: பொது நிலம், நாளுக்கு ஆறு மணி நேர உழைப்பு, தேவைக்கேற்பப் பங்கீடு, உழவுடன் கைத்தொழில். ஏரியைச் சுற்றிய ஊர்களுக்கு ஒவ்வொரு தொழிலை அவரே வகுத்தார் என்கிறது மரபு. சிதறிய கைகள் மீண்டும் பட்டடையின்முன் கூடின.

அவர் 1565இல் மறைந்தார். 2020இல் திருத்தந்தை பிரான்சிஸின் ஒப்புதலோடு வணக்கத்திற்குரியவர் என்னும் நிலை பெற்றார். மிச்சோவாகான் மக்களுக்கோ அவர் தாதா வாஸ்கோ. தாதா என்றால் அவர்கள் வழக்கில் அப்பா.