ஊறல்

கடலூர், சிதம்பரம் வட்டாரத்து மதுவிலக்குச் செய்திகளில் 'சாராய ஊறல் அழிப்பு' என்று வரும் ஊறல், ஊறு என்ற வினையில் பிறந்தது. ஊற்றும் ஊறுகாயும் அதன் உறவு. வெல்லமும் வேலம்பட்டையும் நாள்கணக்கில் ஊறிப் புளித்த கலவை அது; காய்ச்சி வடித்தால்தான் சாராயம். காய்ச்சுவதற்கான பொருளையும் பாத்திரத்தையும் வைத்திருப்பதையே 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் குற்றமாக்குவதால், ஊறலைத் தேடிப் போவது முறையான சோதனைதான். ஆனால் 2023இல் மரக்காணத்திலும் 2024இல் கள்ளக்குறிச்சியிலும் உயிர்களைப் பறித்த மெத்தனால் எந்தப் பானையிலும் ஊறியதல்ல, ஆலைச் சரக்கு. அதையும் கள்ளச்சாராயம் என்றே அழைப்பதால் வேறுபாடு மறைகிறது. மரணம் நேர்ந்தால் ஆயுள் தண்டனை வரை என 2024இல் சட்டம் இறுகிவிட்டதே, அந்த அச்சம் போதாதா என்பார்கள். தண்டனை சாவுக்குப் பின் வருவது. மெத்தனால் வெளியேறும் கிடங்கின் இருப்புக் கணக்கைச் சோதிப்பதே முன்னால் நடக்க வேண்டியது.